ஷெட்டுக் கூரையின் டயர்த் தடங்கள்

தவசிக்கண்ணுவின் அம்பாசடர் திரும்பி வந்திருக்கிறது என்ற செய்தியை ஆனைச்சரிவுக்குக் கொண்டுவந்தவர்கள், காலையில் மேல்பாதை வழியாகக் கொழுந்து பறிக்கப் போன பெண்கள். மேல்பாதையிலிருந்து பார்த்தால் ஊரின் கூரைகள் எல்லாம் கீழே தெரியும். எந்த வீட்டில் அடுப்பு புகைகிறது, எந்த வீட்டில் இன்னும் தூக்கம் கலையவில்லை என்று கூரைகளைப் பார்த்தே பேசிக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். அன்று அவன் மனைவி செண்பகவல்லி வீட்டுக் கார் ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில், இரண்டு விரல் கனத்துக்குப் படர்ந்திருந்த பாசியின்மேல், நான்கு டயர்கள் ஏறி நின்றுவிட்டுப் போன தடம் சேற்றில் பதிந்ததுபோலத் தெளிவாகக் கிடந்தது. அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். “தவசி அண்ணன் வந்துட்டுப் போயிருக்காரு” என்று ஒருத்தி சொன்னாள். “வந்தவரு ஒரு வாய் காப்பி குடிச்சாரோ என்னமோ” என்றாள் இன்னொருத்தி. எஸ்டேட் மஸ்டரில் பெயர் கொடுக்க நேரமாகிவிட்டதால் நடையைக் கட்டினார்கள்.

தவசிக்கண்ணு டாக்சி ஸ்டாண்டில் கறுப்பு அம்பாசடர் வைத்திருந்தவன். பல மழைக்காலங்களுக்கு முன்பு, கீழ்நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினான். கல்யாண வீட்டார் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள், அவன் வரவில்லை. இறக்கிவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனான் என்பதுவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போலீஸ் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்தது. உடைந்த தடுப்புச் சுவரோ நொறுங்கிய கண்ணாடியோ கிடைக்கவில்லை. பள்ளத்தில் விழுந்திருப்பான் என்று ஒரு கட்சியும், கீழே வேறொரு குடும்பம் வைத்திருப்பான் என்று இன்னொரு கட்சியும் ஊரில் உண்டாகி, இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்காததால் இரண்டும் களைத்துப்போயின. அவன் மனைவி செண்பகவல்லி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஷெட்டின் இரட்டைக் கதவை மட்டும் அவள் அதன்பிறகு சாத்தவே இல்லை. சாத்தினால் வருகிறவன் இறங்கிவந்து திறக்க வேண்டும், மழையில் நனைவான் என்பது அவள் கணக்கு.

ஆனைச்சரிவில் எந்த வண்டியும் மூக்கை உள்ளே விட்டு நிற்காது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்பதால், திரும்பி வருகிற ஓட்டுநர் எவ்வளவு களைத்திருந்தாலும் ரிவர்ஸில் ஏற்றி, மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வைத்துத்தான் நிறுத்துவார். காலையில் பிரேக்கை விட்டு, சரிவில் உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டால் வண்டி எழுந்துகொள்ளும். இந்தப் பழக்கம் வண்டி இல்லாதவர்களுக்கும் தொற்றி, அங்கே தள்ளுவண்டியைக்கூடப் பின்பக்கமாக இழுத்துத்தான் வைப்பார்கள், பந்திக்குப் போகிறவர்கள் செருப்பை வாசல் பார்த்துத் திருப்பிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஒருவன் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தியிருந்தால் அதற்கு அந்த ஊரில் ஒரே பொருள்தான்: நாளைக்கு வண்டி எடுக்கவில்லை. தவசி அப்படி நிறுத்தியது அபூர்வம். செண்பகவல்லி டைபாய்டில் கிடந்தபோது ஒரு தடவை. அவன் அம்மா செத்த அன்று ஒரு தடவை. இன்னொரு தடவை ஒரு காரணமும் இல்லாமல், மழை பெய்கிறது என்பதற்காக மட்டும். அந்தக் காரணமில்லாத தடவையைத்தான் செண்பகவல்லி அடிக்கடி எடுத்து நினைத்துப் பார்ப்பாள்.

தடத்தை உறுதி செய்தவர், தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டுகிற ரீட்ரெடிங் கடை ஹனீபா பாய். ஏணி வைத்து ஏறி, கூரையின் விளிம்புக்கு மேலே தலையை மட்டும் நீட்டி, தொழில்காரர் பார்வையில் நெடுநேரம் பார்த்தார்.

“என் பட்டைதான். முன் இடது டயரைப் பாருங்க, ஒரு ஓரத்துல பட்டன் தேஞ்சிருக்கா? அலைன்மென்ட் பாருடான்னு போற அன்னைக்கே சொன்னேன். இன்னும் பாக்கலை.”

“ஒரு பூனை நடந்தாலே முனகுற ஷீட்டு பாய். காரை எப்படித் தாங்கிச்சு?” என்று கேட்டார் ஸ்டாண்டின் தலைவர் ஜெபமணி.

“தவசி கிளட்ச்சை மெதுவாத்தானே விடுவான்? அதான் உடையலை.”

அந்த விளக்கம் ஸ்டாண்டுக்குப் போதுமானதாக இருந்தது.

அதன்பிறகு சில நாள் இடைவெளி விட்டு, சில சமயம் அடுத்தடுத்த நாளே, தடம் புதிதாகப் பதிந்தது. ராத்திரி விழித்திருந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வருகிறவர் அவர் வசதிக்கு வருகிறார், போய் எட்டிப்பார்ப்பது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டார்கள். வெறும் தடம் என்றால் ஊர் சீக்கிரம் மறந்திருக்கும். ஆனால் அந்த டயர்கள் கீழ்நாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டுவந்து பாசியில் உதிர்த்துவிட்டுப் போயின. ஒரு நாள் பஞ்சு. ஒரு நாள் உப்புப் பரல். ஒரு நாள் செம்மண், மறுநாள் கரிசல், அதற்கடுத்து நசுங்கிய வேப்பம்பழம், வைக்கோல், வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம். மளிகைக்கடைச் சுடலை அண்ணாச்சி பாசியில் மிளகாய் விதை கிடந்த காலையில் தன்னிடமிருந்த வற்றலை எல்லாம் அவசரமாக விற்றுத் தீர்த்தார். அந்த வாரமே விலை விழுந்ததும் அவருக்கு அந்தக் கூரைமேல் பக்தியே வந்துவிட்டது. புதுத் தார் ஒட்டியிருந்தால் எந்தச் சாலையில் வேலை நடக்கிறது என்று டாக்சிக்காரர்கள் கணித்துக்கொண்டு வேறு வழியில் போனார்கள். மல்லிகைச் சருகு கிடந்தால் கீழே முகூர்த்த நாள், சவாரி கிடைக்கும். முதல் பஸ்ஸில் வருகிற பேப்பரைப் பிரிப்பதற்கு முன்னால் ஊர் ஒரு தடவை கூரையைப் பார்த்துவிட்டு வந்தது. பேப்பர் ஏஜென்ட் இதில் வருத்தப்பட்டார் என்றாலும், அவரும் பார்த்துவிட்டுத்தான் பேப்பர் போடப் போனார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். கூரைமேல் நிறுத்துவது எந்தப் பிரிவில் வரும் என்று யோசித்தார். வண்டியே இல்லாத தடத்தின்மேல் வழக்கு எழுத முடியாது என்று முடிவுசெய்து காப்பி குடித்துவிட்டுப் போனார்.

செண்பகவல்லிக்கு மிளகாய் விலையில் அக்கறை இல்லை. ஊர் பார்த்துவிட்டுப் போனபிறகு அவள் ஏணியில் ஏறுவாள். தடத்தையோ மண்ணையோ பார்க்கமாட்டாள். ஆயில் சொட்டைத்தான் தேடுவாள். அந்த அம்பாசடர் நின்ற இடத்தில் இஞ்சின் ஆயில் சொட்டாமல் இருந்ததே இல்லை. அவன் இருந்த காலத்தில் தினமும் காலையில் ஷெட்டுத் தரையில் மரத்தூளைத் தூவி அந்தக் கறையை அள்ளியவள் அவள்தான். கறை கிடக்கிற இடத்தை வைத்தே வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று அவளால் சொல்ல முடியும். கூரையில் அது எப்போதும் வாசல் பக்க விளிம்பில்தான் கிடந்தது. பின்சுவர்ப் பக்கம் ஒரு நாளும் இல்லை. அவன் வருகிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தங்குவதற்கு வரவில்லை என்பதிலும் இல்லை. உருண்டு போகத் தயாராக, பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, விடிவதற்குள் போய்விடுகிறான். ஏணியின் கடைசிப் படியில் நின்று அந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, நாளைக்கு அது பின்சுவர்ப் பக்கம் இருக்கக்கூடாதா என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். இறங்கிவந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

கூரைக்குக் கீழே, ஷெட்டுக்குள் இருந்தவள் வேலம்மாள். தவசியின் அக்கா. கீழ்நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் கம்பெனி ஒன்றில் புருஷனும் அவளும் வேலை பார்த்தார்கள். அவர் ஷீட் அறுத்தார், இவள் துண்டுகளைப் பொறுக்கித் தூசி கூட்டினாள். அவர் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். பாதி மூச்சை மிச்சம் வைத்துக்கொண்டு, பிள்ளை குட்டி இல்லாத வேலம்மாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு மலையேறி வந்தாள். “தம்பி இல்லேன்னாலும் தம்பி வீடுன்னு ஒண்ணு இருக்குல்லா” என்றாள். வீடு ஒற்றை அறை. அதனால் ஷெட்டில் கட்டில் போட்டுக்கொண்டாள். சாத்தாத வாசலில் ஒரு பழைய தார்ப்பாயைத் தொங்கவிட்டுக் குளிரைத் திட்டினாள். அவளுக்கும் செண்பகவல்லிக்கும், அந்த ஒரே மனிதனைக் காணாமல் போக்கியது யார் என்ற சண்டை உண்டு.

“உன் வாய்க்குப் பயந்துதான்ட்டி எந்தம்பி ஓடிட்டான்.”

“உங்க தம்பிக்குக் காது கேக்கும்னே இப்பதான் எனக்குத் தெரியும் மதினி.”

இதற்குமேல் சண்டை வளராது. வளர்ப்பதற்கு வேலம்மாளுக்கு மூச்சு பற்றாது.

ஷெட்டில் அவள் மட்டும் இருந்தாள் என்று சொல்லிவிட முடியாது. முதல் சில வருஷம் செண்பகவல்லி அதை வெறுமையாகவே வைத்திருந்தாள். கூட்டி, தெளித்து, நாளைக்கு வண்டி வரும் என்பதுபோல. பிறகு ஒரு மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரி, “ரெண்டு நாளைக்கு இந்த விறகை வச்சுக்கிடட்டுமா அக்கா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. விறகுக்குப் பின்னால் கோயில் கொடைக்குக் கட்டிய பந்தலின் மூங்கில் கழிகள் வந்தன. டீக்கடையின் கால் உடைந்த பெஞ்சு வந்தது. யாரோ ஒரு மருமகள் கொண்டுவந்து மாமியார் வீட்டில் இடமில்லாமல்போன பீரோ வந்தது. எல்லாம் இரண்டு நாளைக்குத்தான் வந்தன. கடைசியில் வேலம்மாளின் கட்டிலும் வந்தபோது, செண்பகவல்லிக்கு ஷெட்டின் தரை என்ன நிறம் என்பதே மறந்துபோயிருந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை. ஊர் மொத்தமும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மழை சீக்கிரமே தொடங்கியது. தண்ணீர் குடித்த பாசி எருமைபோலக் கனத்து, ஷீட்டுகள் நடுவில் வளைந்து தொங்கின. ஒரு விடியற்காலையில் வேலம்மாளின் குரல் கேட்டு செண்பகவல்லி போனபோது, அவள் கட்டிலில் மல்லாந்து அசையாமல் கிடந்தாள். போர்வையின்மேல் உள்ளங்கை அளவு ஷீட் துண்டும் சாம்பல் நிறப் பொடியும் விழுந்திருந்தன.

“உள்ள வராத. ஒரு வாளி தண்ணியும் ஒரு துணியும் மட்டும் நீட்டு.”

“உதறி எடுக்கேன், எந்திரிங்க.”

“உதறாத! எங்க வீட்டுக்காரரு உதறி உதறித்தான் போய்ச் சேந்தாரு. நனைச்சுத்தான் எடுக்கணும். இந்தத் தூசி கண்ணுக்குத் தெரியாதுட்டி. நெஞ்சுக்குள்ள போய்க் குடியேறும், அப்புறம் நாம காலி பண்ணாத்தான் அது காலி பண்ணும்.”

ஷீட் துண்டை நனைத்து, போர்வையை நனைத்து, ஓரங்களை உள்பக்கமாக மடித்துச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியபிறகுதான் வேலம்மாள் எழுந்து வெளியே வந்தாள். வந்ததும் சொன்னாள்: “பாசியை எடுத்துரணும். பாசி ஷீட்டை அரிச்சு நார் நாரா ஆக்குது. மேல வேற தண்ணிப் பாரம். இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்காது.”

“எடுத்தா அவரு எங்க நிறுத்துவாரு?”

“வாறவன் கீழ வரட்டும். அக்கா தலைக்கு மேலயா வண்டிய நிறுத்துவான்? ஒரு நாளாவது இறங்கி வந்து ‘யக்கா, எப்படியிருக்க’ன்னு கேட்டானா?”

செண்பகவல்லி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். அந்தப் பாசி ஒன்றுதான் அவன் விலாசம். அதை வழித்துவிட்டால் அவன் வந்தாலும் வந்தது தெரியாது. தெரியாமல் வருகிறவனும் வராதவனும் ஒன்றுதான்.

விஷயம் ஸ்டாண்டுக்குப் போனது. சாயங்காலம் ஷெட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஜெபமணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசினார். “அக்கா, கூரை உங்க கூரைதான். ஆனா தடம் ஸ்டாண்டுத் தடம். நாலு முட்டுக் குடுத்து நிறுத்திருவோம். பாசி இருந்துட்டுப் போகட்டும்.”

“மிளகா சீசனாவது முடியட்டும்மா” என்றார் சுடலை அண்ணாச்சி.

“சர்வீஸ் ஸ்டேஷன்ல தண்ணி அடிக்கிற மிஷின் இருக்கு. எடுக்கிறதுன்னு முடிவாச்சுன்னா அரை மணி நேர வேலை” என்றான் ஒரு டாக்சிக்காரன்.

வேலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: “அந்த வேகத்துல அடிச்சா ஷீட்டோட மேல்தோல் உரிஞ்சு ஊர் முழுக்கத் தெளிக்கும். தெளிக்கணுமா?”

“அப்ப மண்வெட்டிய வச்சுச் சுரண்டிருவோம்.”

“சுரண்டு ராசா. அதுக்கு முன்னால நல்ல சட்டையாப் போட்டு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க. மாலை போடணும்லா.”

எல்லாரும் சிரித்தார்கள், ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தார்கள். பாசி இருந்தது. மழை பெய்தது. செண்பகவல்லி படுத்துக்கொண்டு இரண்டு சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: கேட்க வேண்டும் என்று அவள் ஏங்குகிற, கூரை மெல்ல நெரிபடுகிற சத்தம்; அதற்கு அடியிலேயே, சுவருக்கு அந்தப் பக்கம், வேலம்மாளின் இருமல். இரண்டும் சேர்ந்தே வந்தன. ஒன்றுக்காகக் காதைத் தீட்டினால் மற்றதும் கேட்டது.

அதன்பின் ஒரு காலையில் வேலம்மாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டாள். தலையணையின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு ஊறியிருந்தது. இஞ்சின் ஆயில்.

“எந்தம்பி அனுப்பியிருக்கான் பாரு. தீவாளிக்குக்கூட அனுப்பாதவன், அக்கா தலைக்கு எண்ணெய்.”

செண்பகவல்லி போய்ப் பார்த்தாள். கட்டிலுக்கு நேர் மேலே ஷீட்டில் விரிசல் விட்டு, அதன் வழியாக வானம் ஒரு வெள்ளை நூல்போலத் தெரிந்தது. அந்த நூலின் கீழே, வேலம்மாளின் தலை கிடக்கிற பள்ளம் இன்னும் மெத்தையில் இருந்தது. அவள் திரும்பி வந்து, அடுப்பிலிருந்து உலையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: “எப்படி எடுக்கணும்னு சொல்லுங்க மதினி. நானே எடுக்கேன். வேற ஆரும் அதுல கை வைக்கக்கூடாது.”

வேலம்மாள் சொன்ன முதல் விதி, கூரைக்குக் கீழே ஒரு குண்டூசிகூட இருக்கக்கூடாது என்பது. பொடி விழுந்தால் வெறும் தரையில் விழ வேண்டும். துணியிலோ விறகிலோ விழுந்தால் அது பிறகு எந்த வீட்டுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஆனைச்சரிவு முழுவதும் தன் இரண்டு நாள் பொருள்களைத் தேடிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் வேலம்மாள் வெளியே விட்டாள். விறகு போனது. மூங்கில் கழிகள் போயின. பீரோவைத் திறந்து பார்த்த அந்த மருமகள், இப்போது அவளே மாமியார், உள்ளே தன் கல்யாண வளையல் பெட்டியைக் கண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சின் உடைந்த காலைத் தேடி டீக்கடைக்காரர் மறுபடி வந்தார். கடைசியாகக் கட்டில் மிஞ்சியது.

“இதை எங்க போட? வெளியவா?” என்றாள் வேலம்மாள்.

“உள்ளதான். என் கட்டில் பக்கத்துல.”

“நான் ராத்திரி முழுக்க இருமுவேன்.”

“இப்ப மட்டும் என்ன, சுவரா நிறுத்துது? தூக்குங்க.”

ஒற்றை அறையில் இரண்டு கட்டில்கள் போட்டபிறகு நடப்பதற்கு ஒரு அடி இடம்தான் இருந்தது. அன்று செண்பகவல்லி ஷெட்டின் தரையைப் பல வருஷத்துக்குப் பிறகு பார்த்தாள். நனைத்துத் துடைக்கத் துடைக்க சிமென்ட் வெளிவந்தது; வாசல் பக்கம் பழைய ஆயில் கறை பாய்போலக் கறுத்துக் கிடந்தது. பின்சுவர்ப் பக்கம் ஏறத்தாழ வெள்ளையாகவே இருந்தது.

காற்று அடிக்காமல் தூறல் மட்டும் போட்ட ஒரு காலையில் வேலையைத் தொடங்கினாள். பிறகு தூக்கிப் போடுகிற துணியாக, கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை மூடுகிறதாக உடுத்து என்று வேலம்மாள் சொல்லியிருந்தாள். செண்பகவல்லி தன் பெட்டியிலிருந்து தவசியின் காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மருந்துக்கடையில் வாங்கிய கனமான முகக்கவசம், கையுறை, தலையில் பிளாஸ்டிக் பை. தரையில் தார்ப்பாய் விரித்து, கூரைத் தண்ணீர் ஓடுகிற தகர வாய்க்காலைச் சாக்கால் அடைத்தார்கள், அழுக்குத் தண்ணீர் ஓடைக்குப் போகாதபடி. ஷீட்டின்மேல் கால் வைக்கக்கூடாது என்பதால் அடியில் மரச்சட்டம் ஓடுகிற இடம் பார்த்து நீளப் பலகை போட்டு, அதன்மேல் அவள் குப்புறப் படுத்துக்கொண்டாள். ஜெபமணி முகத்தில் கவசத்தோடு ஏணியைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களை வேலம்மாள் சாலைக்கு அந்தப் பக்கம் விரட்டினாள். செண்பகவல்லி எஸ்டேட்டில் கேட்டு வாங்கிய முதுகு ஸ்பிரேயரால் சோப்புத் தண்ணீரை மழையைவிட மெதுவாகத் தெளித்தாள், ஊறவிட்டாள், மறுபடி தெளித்தாள், மறுபடி ஊறவிட்டாள், காய்ந்த பச்சை ஒன்றுகூட மிஞ்சாமல் எல்லாம் நனைந்து குழைந்தபிறகு, மரத்தால் ஆன தோசைத் திருப்பியை அடியில் விட்டு, தோசைக்கு வலிக்காமல் எடுப்பதுபோலப் பாசியைப் பத்தை பத்தையாக எடுத்தாள். கம்பி பிரஷ் இல்லை, சுரண்டல் இல்லை. மிச்சத்தை மெல்லிய பிரஷால், நோயாளியின் முதுகைத் தேய்க்கிற மாதிரித் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தாள். எடுத்த ஒவ்வொரு பத்தையையும் ஈரத்தோடு பையில் போட்டாள், அந்தப் பையை இன்னொரு பையில் போட்டுக் கட்டினாள். பஞ்சு வந்தது. உப்பு வந்தது. செம்மண்ணும் கரிசலும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. அவன் போன ஊர்கள் எல்லாம் அவள் கையுறை வழியாக வரிசையாக வந்து பைக்குள் போயின. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுடலை அண்ணாச்சி, “மிளகா விதை ஏதும் தெரியுதாம்மா?” என்று கேட்டார். வேலம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் கடைக்குப் போய்விட்டார்.

வாசல் விளிம்பில் ஆயில் ஊறிய பத்தையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதை உடையாமல் எடுத்து, உள்ளங்கையில் ஏந்தி, பலகைமேல் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். டயரின் தேய்ந்த ஓரம் அதில் அப்படியே இருந்தது.

“அதையும் போட்டுரு” என்று கீழேயிருந்து வேலம்மாள் சொன்னாள்.

போட்டாள்.

இறங்கி வந்தவளை ஒரு வாளித் தண்ணீரால் நனைத்துவிட்டு, வேலம்மாள் பையை விரித்துப் பிடித்தாள். “சட்டையும்தான்ட்டி.”

“அலசித் தாறேன் மதினி. நனைச்சே அலசுறேன்.”

“எங்க வீட்டுக்காரரு சட்டையை நானும் தினம் அலசித்தான் குடுத்தேன்” என்றாள் வேலம்மாள். “அலசினதுதான் எனக்கு இந்த இருமலு.”

செண்பகவல்லி குளிக்கிற மறைப்புக்குப் போய்ப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காக்கிச் சட்டையைச் சுருட்டி அவளே பைக்குள் வைத்தாள். முடிச்சை வேலம்மாள் போட்டாள். நகராட்சி வண்டி ஏற்றிக்கொண்டு போகும்வரை பைகள் எல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு டிரம்முக்குள் இருந்தன. அதன்மேல் ஜெபமணி, ‘திறக்காதே, நஞ்சு’ என்று வண்டி நம்பர் எழுதுகிற கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார். விரிசலின்மேல் ஹனீபா பாய், ஈரம் காயாமலே ஒட்டுகிற ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டினார். “ஷீட்டும் இனி நம்ம டயர்தான்” என்றார்.

மறுநாள் மேல்பாதையில் போன பெண்கள் கீழே பார்த்தார்கள். கழுவிக் கவிழ்த்த தட்டுபோலக் கூரை சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. “வரலை போல” என்று சொல்லிக்கொண்டு நடந்தார்கள். டாக்சிக்காரர்கள் தோண்டிப்போட்ட சாலையில் போய் மாட்டிக்கொண்டு வந்தார்கள். சுடலை அண்ணாச்சி மறுபடி பேப்பரில் விலைப்பட்டியல் பார்க்கத் தொடங்கி, இதில் எழுத்து ரொம்பப் பொடி என்று குறைப்பட்டார். வேலம்மாள் இருமினாள், பழைய இருமல்தான், புதிது சேரவில்லை. செண்பகவல்லி ஏணியை எடுத்துப் படுக்கவைத்துவிட்டாள். ஏறிப் பார்க்க ஒன்றும் இல்லாத காலைகள் நீளமாக இருந்தன. அந்தக் கறுப்புப் பொட்டாவது இருந்தது என்று நினைத்தாள். போகத் தயாராக நின்றவன் என்றாலும் நின்றான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மலையே தெரியாமல் பெய்த ஒரு காலையில், ஷெட்டுக்குள் சாரல் அடித்துத் தண்ணீர் கட்டியிருக்கும், தள்ளிவிடலாம் என்று துடைப்பத்தோடு போனவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். பெட்ரோலும் நனைந்த சீட்டும் கலந்த ஒரு வாசனை உள்ளே கட்டிநின்றது. வண்டி இல்லை, தடமும் இல்லை. அவள் பழக்கப்படி முதலில் வாசல் பக்கம் பார்த்தாள். பழைய கறை அப்படியே இருந்தது, அதன்மேல் புதிதாக ஒன்றும் சொட்டவில்லை. உள்ளே நடந்தாள். பின்சுவருக்குப் பக்கத்தில், அவள் துடைத்து வெளுத்த தரையில், ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. குனிந்து விரலை வைத்தாள். சூடாக இருந்தது.

“மதினி” என்று கூப்பிட்டாள். குரல் மழையில் கேட்டிருக்காது. ஆனாலும் வேலம்மாள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பொட்டைப் பார்த்தாள். காலியான ஷெட்டைச் சுற்றிலும் பார்த்தாள்: விறகு இருந்த மூலை, பீரோ நின்ற இடம், தன் கட்டில் கிடந்த இடம். அவள் மூச்சு சீராக நேரம் பிடித்தது.

“இடம் இல்லாமத்தான் இத்தனை நாளா மேல நிறுத்திட்டுப் போயிருக்கான், கிறுக்குப்பய. வாயைத் தொறந்து கேட்டா என்ன?”

“அவரு என்னைக்கு வாயைத் தொறந்திருக்காரு?” என்றாள் செண்பகவல்லி. அவள் மரத்தூள் எடுக்கப் போகவில்லை.

ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஜெபமணி குடையோடு சாலையில் நின்று, வழக்கம்போலக் கூரையைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். “அக்கா, அண்ணன் தடம் ஏதும் உண்டா?”

“இன்னைக்கு வண்டி எடுக்கலை தம்பி. ஸ்டாண்டுல சொல்லிருங்க.”

ஜெபமணி குடையைச் சாய்த்து ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பின்சுவர்ப் பக்கம் அவர் கண் போய் நின்றது. ஓட்டுநர் என்பதால் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, இருந்தாலும் கேட்டார்.

“ஏங்க்கா, உடம்புக்கு ஏதும்...?”

“உடம்புக்கு என்ன” என்றாள் செண்பகவல்லி. “மழை பெய்யுதுல்லா.”

அவர் தலையசைத்துவிட்டு, சத்தம் போடாமல் நடந்து போனார். இரட்டைக் கதவு வருஷக்கணக்கில் நனைந்து ஊதிப்போய், கீல் துருவேறி, தரையோடு இறுகியிருந்தது. ஒரு கதவை செண்பகவல்லியும் இன்னொன்றை வேலம்மாளும் தோள் கொடுத்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளி, உள்ளே யாரோ அயர்ந்து தூங்குகிற மாதிரி ஓசைப்படாமல் சாத்தினார்கள்.